முப்பத்தைந்து கிராம்

வடக்குக் காற்று துறைமுகத்தை அடைத்த மூன்றாம் நாள்
பதினோரு நீல முட்டைகளில் எட்டு பொரிந்தன.
ஐந்து எழுந்து நின்றன.
ஒன்று நீச்சலடித்தது.

தரையில்தான்.
காலொன்று கிழக்கே, காலொன்று மேற்கே,
வயிறு உரச உரச,
நீர் வற்றிய சேற்றில்
துடுப்புப் போடும் படகு மாதிரி.

தப்பு என்னுடையது.
பெட்டிக்குள் நான் விரித்தது பளபளப்புத் தாள்,
சூப்பர் மார்க்கெட் விளம்பரம்:
உறைந்த கோழித்தொடை, கிலோ பாதி விலை.
அதன் மேல் வழுக்கி வழுக்கித்தான்
இதன் தொடை அகன்றது.
கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை.
காகிதம் மிதித்தால் ஆகும் போலிருக்கிறது.

கால்நடை மருத்துவர் கஸ்த்ரோவில் இருக்கிறார்.
நடுவில் கடல். படகு ஓடாது.
அந்தப் படகில் டிக்கெட் கிழிப்பவளே நான்தான்,
எனக்குத் தெரியாதா?

ஆச்சாவோ மருந்துக்கடையில் சிமேனா கேட்டாள்:
பி வைட்டமின் யாருக்கு, நோல்ஃபா?
பிறந்து ரெண்டு நாள்.
எடை?
முப்பத்தைந்து கிராம்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

வீட்டுக்கு வந்து தாளை உருவி எறிந்தேன்.
பழைய துண்டொன்றை விரித்தேன்,
நகம் பிடிக்கும் சொரசொரப்பில்.
பிளாஸ்திரியை நீளவாக்கில் கிழித்து
இந்தக் காலைச் சுற்றி, அந்தக் காலைச் சுற்றி,
நடுவில் ஒரு விரல் இடம் விட்டு ஒட்டினேன்.
இறுக்கினால் பாதம் நீலம் பாரிக்கும்;
தளர்த்தினால் மறுபடி படகு.
தேநீர்க் கோப்பையில் பஞ்சடைத்து
நிமிர்த்தி உட்கார வைத்தேன்.
அது என்னைப் பார்த்த பார்வையில்
நன்றி என்று எதுவும் இல்லை.

இரண்டாவது, விரல்களை முஷ்டியாக மடக்கி
மணிக்கட்டால் நடப்பதுபோல் நடந்தது.
பிஸ்கட் அட்டையில் செருப்பு வெட்டினேன்,
சுண்டுவிரல் நகத்தளவு.
விரல் விரலாகப் பிரித்து ஒட்டி,
மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து,
அவித்த மஞ்சள்கருவை ஊட்டினேன்,
எந்த முட்டை என்று சொல்லாமல்.

பக்கத்து வீட்டு ஒசியேல் பர்ரியா வந்தான்.
சிப்பிக் கயிறு இழுத்து வெடித்த கைகள்.
திருகிப் போடு, ரெண்டு நிமிஷ வேலை, என்றான்.
சொல்லிவிட்டு
விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு
ஒரு மணி நேரம் நின்றான்.

மூன்றாவதை அவன்தான் கண்டான்.
கணுவின் பின்னால் ஓடவேண்டிய நரம்பு
பக்கவாட்டில் சரிந்து, மூட்டு வீங்கி.
காலை நீட்டிப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினேன்.
டிக் என்று உட்கார்ந்தது.
விட்டதும் டிக் என்று வெளியே வந்தது.
கட்டு போட்டேன். மறுநாள் மறுபடி தள்ளினேன்.
மூன்றாம் நாள் அது தண்ணீருக்கும் எழவில்லை.

ஒசியேல் எழுந்து போய்க் கை கழுவினான்,
அழுக்கே இல்லாத கையை,
வெகுநேரம்.
விறகுக்குவியலுக்குப் பின்னால் நான் போனேன்.
ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
அதைப்பற்றி எழுத
வேறொன்றும் இல்லை.

செருப்பு இரண்டாம் நாளே கழன்றது,
உள்ளே விரல்கள் விரிந்திருந்தன.
நீச்சல்காரனுக்கு நாலு நாள்.
ஈரத்துணியால் பிளாஸ்திரியை ஊறவைத்து
மயிர் பிய்யாமல் மெல்ல எடுத்தேன்.
நின்றது.
நடந்தது, குட்டிக் குட்டி அடியாக,
இல்லாத கட்டு இன்னும் இருக்கிறாற்போல.
பிறகு ஒரு ஈ பறந்தது.
ஈயைப் பார்த்ததும் எல்லாம் மறந்து
ஓடிற்று.

வெள்ளிக்கிழமை துறைமுகம் திறந்தார்கள்.
மழையில் சாய்தளம் மினுமினுத்தது.
கூடையோடு ஒருத்தி, தூக்கிய குழந்தையோடு ஒருவன்,
எல்லாருடைய முகத்தையும் விட்டுவிட்டு
கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உருளைக்கிழங்குச் சாக்கு நாலைப் பிரித்து
இரும்பின் மேல் விரித்தேன்.

என்னம்மா இது, என்றார் கப்பல்காரர்.
வழுக்குது, என்றேன்.
டிக்கெட் கிழிக்கத் தொடங்கினேன்.