மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

வின்டர்தூரில் அன்று முப்பத்தேழு டிகிரி.
சாத்தூர்க்காரிக்கு அதெல்லாம் ஒரு கணக்கா என்பீர்கள்.
வெயில் எனக்குப் பழசுதான்.
இந்த வீடுகள் குளிருக்கென்று கட்டியவை,
உள்ளே வந்த சூட்டை
வாடகை கேட்காமல் தங்கவிடும்.

குகநேசன் கடையிலிருந்து வருகிறேன்.
"வத்தகப்பழம் நல்லாக் கிடக்கு அக்கா" என்றார்.
எனக்கு அது தர்பூசணி.
தட்டிப் பார்த்தேன்.
இரண்டு பெயருக்கும் ஒரே குரலில் பதில் சொன்னது.
அதோடு வெள்ளரி இரண்டு, எலுமிச்சை மூன்று,
ஒரு விரல் இஞ்சி,
பொன்போல நிறுத்துத் தந்த கறிவேப்பிலை,
வழியில் மிக்ரோஸில் எடுத்த ஒரு டப்பா மோர்,
சரியாகப் புளிக்கத் தெரியாத மோர்.

லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஃபிராவ் ஹுன்சிக்கர்.
பதினொரு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.
சலவை அறையில் என் முறை முடிந்தும்
பத்து நிமிடம் கூடுதலாக ஓடிவிட்ட மெஷின்,
வடிகட்டியில் நான் விட்டுவைத்த பஞ்சு,
அதற்கு அவர் ஒட்டிய சீட்டு,
சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு.

மூன்றாம் மாடி தாண்டியதும்
விக்கல் எடுத்தாற்போல் லிஃப்ட் நின்றது.
அவர்தான் மணியை அழுத்தினார்.
சூரிச்சிலிருந்து ஒரு குரல்
"நாற்பது நிமிடம், பொறுமையாக இருங்கள்" என்றது.
பொறுமையை யார் கொண்டுவருவார்கள் என்று
சொல்லவில்லை.

இரும்புப் பெட்டி. காற்று இல்லை.
கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்தது.
அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்து,
சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.
எழுபதைத் தாண்டியவர் என்று
அப்போதுதான் எனக்குப் பட்டது.

கத்தி இல்லை, டம்ளர் இல்லை.
உப்பு இருந்தது.
எந்த விமானத்திலோ கொடுத்த பொட்டலம்,
பையின் அடியில் இரண்டு வருடமாக
வேலையில்லாமல் கிடந்தது.
இஞ்சியைக் கைப்பிடிக் கம்பியில் வைத்து
சலவை அறைச் சாவியால் நசுக்கினேன்.
அதே சாவியால் எலுமிச்சையைக் குத்தினேன்.
அவர் சாவியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

கறிவேப்பிலையைக் கிழித்துப் போட்டு
டப்பாவை மூடிக் குலுக்கினேன்.
பெருங்காயம் இல்லையே என்ற என் வருத்தம்
அந்தப் பெட்டிக்குள் யாருக்குப் புரியும்?

அண்ணாந்து ஊற்றிக் குடித்துக் காட்டி
அவரிடம் நீட்டினேன்.
அவரும் உதடு படாமல்தான் முயன்றார்.
பாதி வாய்க்குள், பாதி சட்டைக்குள்.
இருமினார். பிறகு சிரித்தார்.
அந்தச் சிரிப்பு எந்த மாடியைச் சேர்ந்ததென்று
எனக்குத் தெரியவில்லை.

வெள்ளரியின் நுனியைக் கிள்ளி
வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"என்ன செய்கிறாய்?"
"கசப்பை எடுக்கிறேன்."
"இங்கே வெள்ளரி கசக்காதே."
"ஒருவேளை கசந்தால்?"
கை நீட்டி மற்ற பாதியை வாங்கிக்கொண்டார்.

தர்பூசணியை உடைக்கவா என்றேன்.
"தரையை யார் துடைப்பது?" என்றார்.
சரி என்று மடியில் வைத்துக்கொண்டேன்,
அழாத குழந்தை மாதிரி இருந்தது.
இருபத்தைந்தாவது நிமிடம்
அவரே அதை என் மடியிலிருந்து எடுத்து
கதவின் இரும்பு விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

கையால் அள்ளித் தின்றோம்.
முழங்கைவரை வழிந்தது.
விதையை என்ன செய்வதென்று ஒரு கணம் யோசித்து
இருவரும் ஒரே மூலையில் துப்பினோம்.
அவர் கணவர் பெயர் ரூடி,
கோடையில் தண்ணீர் குடிக்க மறந்துபோவாராம்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை,
இன்னொரு துண்டு கொடுத்தேன்.

கதவைப் பிளந்து எட்டிப் பார்த்த பையன்
தரையின் சிவப்பைக் கண்டு
ஒரு வார்த்தை கத்தினான்.
அதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை என் சலவை முறை.
கதவில் புதுச் சீட்டு.
"லிஃப்டில் பழவிதை போடக் கூடாது."
அவர் கையெழுத்து, அதே சிவப்பு மை.
அடிக்கோடு மட்டும்
ஒன்று.