பன்னிரண்டு குழி

சடையங்குப்பம் தாண்டி,
ஆறு கடலுக்குப் போக மனசில்லாமல் கிடக்கும் இடத்தில்
முப்பது சென்ட்.
பத்திரத்தில் புஞ்சை என்று இருக்கிறது.
மண்வெட்டி வேறு சொல்கிறது:
ஒரு முழம் சாம்பல், அதன்கீழ் சிப்பி,
அதற்கும் கீழே உப்புத்தண்ணீர்.

கிரயம் முடிந்த அன்று ஜெயசீலி
ஒரு பிடி அள்ளி முகர்ந்து
“பாத்திரம் தேய்க்கலாம்” என்றாள்.
அதோடு சரி.
மறுவாரம் ஆறு செம்மறிகள் வேனில் வந்து இறங்கின.
அவள் காதில்
தோடு இருந்த துளைகளில் வேப்பங்குச்சி.

மெட்ராஸ் சிவப்பு.
கம்பளி கிடையாது, ஒட்ட வெட்டியதுபோல் முடி,
இந்த வெயிலுக்கென்றே தைத்த சட்டை.
தண்டையார்பேட்டை மச்சான் ஏசுபாதம்
போனில் அல்பாக்கா காட்டினான்.
ஒட்டகத்துக்கும் பஞ்சு மெத்தைக்கும் பிறந்த மாதிரி ஒன்று
பனிமலையில் நின்று
எங்களைப் பார்த்து எதையோ மென்றது.
“இத்த வளர்த்தா லட்சம் லட்சமா கொட்டுதாம் மாமா.”
ஜெயசீலி எட்டிப் பார்த்தாள்:
“மே மாசத்துல இன்னா பண்ணுவ,
ஏசி ரூம்ல கட்டுவியா?”

காற்று புகைக்கூண்டுப் பக்கமிருந்து திரும்பினால்
சிவப்பு என்று வாங்கிய ஆடுகள்
சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம்.
பழைய லுங்கியை நனைத்துத் துடைப்பேன்,
மூக்கை மட்டும்.
உடம்புக்கு லுங்கி போதாது. தண்ணீரும்தான்.
லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய்.

மரம் வைக்கலாம் என்றது நான்.
துறைமுகத்தில் முப்பது வருஷம்
தகட்டோடு தகடு பற்றவைத்தவன்.
என் கை ஒட்டியது எதுவும்
இலை விட்டதில்லை.

நர்சரியில் பன்னிரண்டு கன்று:
புங்கன் ஐந்து, வேம்பு மூன்று, நாவல் இரண்டு,
விற்றவருக்கே பேர் தெரியாத இரண்டு.
சாம்பலை வாரிக் கொட்டி
ஏரி வண்டலும் புழுக்கையும் நிரப்பி
குழிக்கு ஒரு குடம்.
அந்த வாரம் எங்களைவிட அவை அதிகம் குடித்தன.

நாலாம் நாள் காலையில்
பன்னிரண்டு குச்சி.
கிடா (அதற்குப் பேர் இன்ஸ்பெக்டர்)
கடைசிக் கன்றின் கடைசி இலையை
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.
கம்பை ஓங்கினேன், இறக்கிவிட்டேன்.
பச்சை என்றால் அதற்குத் தெரிந்தது
வாழைநாரில் கட்டி வரும் அகத்திக் கட்டுதான்.
வேரோடு நிற்கும் பச்சையை
அன்றுதான் பார்த்திருக்கிறது.

இரண்டாம் தடவை, கம்பி வளைத்துக்
கூண்டு பற்றவைத்தேன். அழகான வேலை.
உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில்
அதை பிஸ்கட் மாதிரி நொறுக்கியது,
மீதியை இன்ஸ்பெக்டரின் கொம்பு.

மூன்றாம் தடவை எனக்கே வெட்கம்.
புயலில் சாய்ந்து
மணலிச் சாலையோரம் அறுத்துப் போட்டிருந்த பூவரசு,
கழி கழியாய் சைக்கிளில் கட்டி வந்து
குழியைச் சுற்றி நாலு நாலாக அடித்தேன்.
நடுவில் கன்று.
ஐப்பசியில் ஆறு ஏறி உள்ளே வந்தது,
இரண்டு நாள் நின்று போனது.
ஏழு கன்று உப்பில் கருகிற்று.
மற்றதை யார் தின்றார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள்
சினை ஆட்டைக் கட்டப்போன ஜெயசீலி
கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள்.
“யோவ், இங்க வா.”
வந்தேன்.
“வேலி மொளச்சிகீது.”

கழியின் கணுவில்
குழந்தை நாக்கு அளவு,
மடித்த ஒரு பச்சை.
அடுத்த கழியிலும்.
எண்ணினோம், நடுவில் விட்டுவிட்டோம்,
மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். முப்பத்தொன்று.

“சரி, இதுக்கு வேலி எத்த வெச்சி போடுவ?”
என்றாள். பதிலுக்கு நிற்காமல்
ஆட்டை வேனின் பழைய டயரில் கட்டினாள்.

இப்போது சாயங்காலங்களில் லுங்கிக்கு வேலை கூடிவிட்டது.
மூக்குகள் முடிந்ததும் இலைகள்,
எட்டுகிறவரை ஒவ்வொன்றாய்.
சாம்பல் போனால் இதய வடிவில் ஒரு பளபளப்பு.
பின்னால் மூச்சு கேட்கிறது.
இன்ஸ்பெக்டர்,
நான் கழுவி முடிக்கட்டும் என்று
காத்துக்கொண்டிருக்கிறது.