பெரிய ற

வேதாளைப் பள்ளியில்
தகப்பன் பெயர்க் கட்டத்தருகே
எழுத்தரின் பேனா நின்றது.
"செலவெல்லாம் உங்களோடதுதானே பாய்,
உங்க பேரையே போட்டுரவா?"

கூடாது என்றேன்.
எத்தீமுக்குச் சோறு கொடுக்கலாம், சட்டை கொடுக்கலாம்,
வாப்பாவை மாற்றிக் கொடுக்க
மார்க்கத்தில் இடமில்லை.
எனக்கு ஆசை இருந்தது;
அது வேறு.

மண்டபம் முகாமிலிருந்து
என் சைக்கிளில் வந்தவன்
எழுதியதை எம்பிப் பார்த்தான்.
"ரமீஸ் இல்ல சேர். பெரிய ற."
"தமிழ்ல அது முதல்ல வராதே தம்பி."
"எங்கட வாப்பாக்கு வரும்."

எழுத்தர் அடித்து எழுதினார்.
எருக்கலம்பிட்டியில்
படகேறாமல் நின்றுபோன மனிதர்
ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு
இக்கரை ஏறினார்.

பாதுகாவலர் கட்டத்தில்
என் கையெழுத்து கோணிப்போனது.
காலையில் நண்டு கடித்த விரல்
என்று சொல்லிக்கொண்டேன்.