ஒற்றை விரல்

புவனோஸ் ஐரிஸிலிருந்து ஒன்றரை நாள் பஸ்.
படகோனியாவில் இந்த ஊருக்கு
ஒரே சிக்னல்.
அதுவும் மஞ்சளிலேயே கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்.

எதிரே வரும் லாரிக்காரர்கள்
ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரல் தூக்குகிறார்கள்.
யாருக்கென்று
முதல் வாரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டதை
ரொட்டிக்கடை எர்மிண்டா
ஊருக்கே சொல்லிவிட்டாள்.
"யார்மேல் சந்தேகம்?" என்றார் போஸ்ட்மேன்,
நிஜமாகவே வருத்தப்பட்டு.

இரவில் சத்தம் போதவில்லை.
சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுத்தான்
கண்ணயர்கிறேன்,
அறுபதாம் நம்பர் பஸ் என் ஜன்னலடியில்
கியர் மாற்றுவதாக.

இன்று காற்றில் தொப்பி பறந்தது.
துரத்தவில்லை.
மாலைக்குள் யாரோ
கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
அது என்னுடையதென்று
எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்குத்தான்
அவர்களில் ஒருவருடைய தொப்பியும் தெரியாது.