ஏறின கியர்

முதலில் தோற்றது விசில்தான்.
கோரிமேட்டில் ஆள் ஏறியாகிவிட்டது,
ஊதினேன்,
உதட்டோரம் காற்று ஒழுகிப் போனது.
"என்னய்யா சடையப்பா, பல்லு விழுந்துடுச்சா?"
பெரியநாயகம் கேட்க, வண்டியே சிரித்தது.
நானும் சிரித்ததாகத்தான் நினைத்தேன்.
முகம் சிரிக்கவில்லை என்பதை
அன்றிரவு கண்ணாடி சொன்னது.

பிறகு வளைவுகள்.
போர்டில் இருபது கொண்டை ஊசிதான்,
எனக்கு நாற்பது.
ஒரு அம்மா பத்து ரூபாய் நீட்டினால்
இரண்டு கை, இரண்டு தாள்.
நடுவில் பிடித்துப் பார்த்தேன்,
வெறுங்காற்று.

நோயின் பெயரை ஜி.எச். டாக்டர் சொன்னார். நீளம்.
எனக்குப் புரிந்தபடி வைத்துக்கொண்டேன்:
கண்டக்டர் ஊதுகிறான், டிரைவருக்குக் கேட்கவில்லை.
மாத்திரை விசிலைப் பெரிதாக்காது.
ஊதிய சத்தத்தைக்
கொஞ்ச நேரம் காற்றில் கலையாமல் நிறுத்தும்,
அவ்வளவுதான்.
நேரம் தவறாமல் போட்டால்
பரோட்டா கடைசி வாய் வரைக்கும் தாடை வரும்.

விருந்தும் மருந்தும் மூணு நாளாம்.
எனக்கு இது ஏழாவது வருஷம்.

ஒரு சித்திரை வெயிலில், அடிவாரத்தில்,
இமை ஷட்டர் மாதிரி இறங்கியது.
ஒன்று போட்டேன். எழவில்லை.
இன்னொன்று.
பொறுமையில்லாமல் மூன்றாவதும்.
எச்சில் ஊறி வழிந்தது, வயிறு பிசைந்தது,
தொடைத் தசை புழுவாய் நெளிந்தது,
படியில் வைத்த காலை எடுக்க முடியவில்லை.
குறைந்தாலும் இப்படித்தான், கூடினாலும் இப்படித்தான்.
எது எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்?
டாக்டர் திட்டவில்லை.
"எத்தனை மணிக்கு எத்தனை, எழுதி வை.
நீயா கூட்டாதே" என்றார்.
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் இப்போது அந்தக் கணக்கு.

இன்னொரு மாத்திரை உண்டு, ஸ்டீராய்டு.
முகத்தைப் பூசணியாக்கியது,
சர்க்கரையைக் கூட்டியது.
வெறுத்துப்போய்
நாளையிலிருந்து வேண்டாம் என்றேன் கமலவேணியிடம்.
பெரியநாயகம்தான் கேட்டான்,
அதுவும் டீ ஆற்றிக்கொண்டே:
"மலையில ஏறின கியர்லதானே இறங்குறோம்?
நியூட்ரல்ல விட்டா என்ன ஆகும்?"
டாக்டர் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு இறக்கினார்,
அரை மாத்திரை, அரை மாத்திரையாக.
இன்னும் முழுசாய் இறங்கவில்லை.

மார்கழியில் ஏற்காட்டில் காய்ச்சல், சளி.
ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு கிளினிக்.
டாக்டர் சின்ன வயசு,
நான் உட்காருமுன் பாதி எழுதிவிட்டார்.
பணப்பையில் சில்லறைக்குப் பின்னால்
லேமினேட் செய்த அட்டை இருக்கிறது.
எனக்கு ஆகாத மருந்துகள் அதில் பெயர் பெயராக.
எடுத்து நீட்டக் கூச்சமாக இருந்தது,
படித்தவரிடம் டிக்கெட் கேட்பது போல.
கேட்பதுதானே என் வேலை. நீட்டினேன்.
இரண்டு முறை படித்தார்.
எழுதியதை அடித்தார்.
சேலத்துக்குப் போன் போட்டு வேறு எழுதினார்.
வாசல் வரை வந்து
"நல்லவேளை" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பதினைந்தாம் வளைவு தாண்டினால்
குளிரில் இமை தானாகக் கொஞ்சம் தூக்கும்.
மலையிலேயே இருந்துவிடேன் என்பார்கள்,
மருந்தெதற்கு என்பார்கள்.
தலையாட்டிவிட்டு
இரண்டு மணி மாத்திரையை உடைக்கிறேன்.

காலை டிரிப்பில் விசில் வருகிறது.
சாயங்காலம் தகரத்தைத் தட்டுகிறேன்:
ஒன்று நிறுத்த, இரண்டு போக.

ராத்திரி படுக்குமுன்
ஒரே மூச்சில் எண்ண வேண்டும்.
எண்ணிக்கை சுருங்கினால்
விடியட்டும் என்று காத்திருக்காமல் வா என்பது உத்தரவு.
கமலவேணி விளக்கை அணைக்காமல் கேட்டிருப்பாள்.
ஒன்று, இரண்டு என்று வளைவுகளாகவே எண்ணுகிறேன்.
நேற்று இருபது தாண்டி, மலை முடிந்து,
வளைவே இல்லாத இடத்தில்
முப்பத்திநாலு வரை போனேன்.
அணைத்தாள்.