சோதனைப் புள்ளிகள்

முதல் கடைக்காரன் மாதிரிப் புத்தகத்தை முன்னால் தள்ளினான்.
ரோஜா, கப்பல், தகைவிலான், மறுபடி ரோஜா.
எல்லாம் வெண்ணெய் நிற முதுகுகளில், தொடைகளில்.
அர்லிண்டா பக்கம் பக்கமாகப் புரட்டினாள்,
யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல.
"உனக்குக் கறுப்புதான் சரிப்படும்.
அதுவும் பெரிதாய். சின்னதெல்லாம் தெரியாது."
அப்போது வயது பத்தொன்பது.
சரி என்று தோளைக் காட்டினாள்.

தெரிய வேண்டுமே என்று அவன் அழுத்தினான்.
ஒரே கோட்டின் மேல் மூன்று தடவை, நான்கு தடவை,
மொழி தெரியாதவரிடம்
குரலை உயர்த்திக்கொண்டே போகிறவன் மாதிரி.
புண் ஆறியபோது நங்கூரம் இல்லை,
நங்கூரத்தின் தழும்பு இருந்தது.
தடித்துப் பளபளத்து
மழைக்கு முந்தின நாள் அரிக்கும்.
இருபத்திரண்டு வருடம் சட்டைக்கை அதைப் பார்த்துக்கொண்டது.
இருட்டில் விரலால் தடவிய ஒருவன் கேட்டான்:
"என்ன எழுதியிருக்கு?"

ராட்டர்டாம், டெல்ஃப்ஸ்ஹாவன், கால்வாயோர மாடி அறை.
வனூசா ஊசியை எடுக்கவில்லை, கையை எடுத்தாள்.
ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்,
விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை.
தழும்பைக் கட்டைவிரலால் அமுக்கி
யார் வேலை இது என்றாள்.
பதிலுக்குக் காத்திராமல்
கிரியோலில் ஒரு கெட்ட வார்த்தை.

"என்ன வேணும்?"
"நாரை. நான் எட்டாம் எண் ட்ராம் ஓட்டுறேன்.
தினம் காலையில் மீன் கடை வாசலில் ஒன்று நிற்கும்,
வரிசையில், சில்லறை இல்லாத முகத்தோடு.
அலகு மட்டும் மஞ்சளா..."
நிறுத்திக்கொண்டாள்.
"மஞ்சள் எடுபடாதாமே."

"மை உன் மேலே உட்காராது.
கீழே போய்ப் படுக்கும். நீ அதற்குப் போர்வை.
யார் பார்த்தாலும் உன் வழியாகத்தான் பார்க்கணும்.
கறுந்தேநீரில் போட்ட எலுமிச்சைத் துண்டு
எலுமிச்சையாத் தெரியலையா என்ன?"

மிளகளவில் ஐந்து புள்ளி, முழங்கைக்கு உட்புறம்.
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நீலம், வெள்ளை.
"ஆறு வாரம். சொரியாதே. போ."

இந்தக் கவிதையின் மொழியில்
இதற்குப் பச்சை குத்துவது என்று பெயர்.
உள்ளே போனது கரி.
தோலுக்கடியில் கிடந்து பச்சையாய் எட்டிப் பார்த்தது.
பார்த்ததைப் பார்த்தபடி பேர் வைத்தவர்கள்
யார் புத்தகத்தையும் புரட்டவில்லை.

முதல் வாரம் ஐந்தும் கூச்சல் போட்டன.
பிறகு செதில் உதிர்ந்தது.
வெள்ளை முதலில் கைவிட்டது,
பழைய பியானோக் கட்டையின் நிறம்.
நீலம் ஆற்றில் விழுந்த சாவிபோல் கீழே, கீழே.
சிவப்பு செங்கல் ஆனது, அப்படியே நின்றது.
ஆரஞ்சுக்கு என்ன கோபமோ, இறங்க மறுத்தது.
மஞ்சள்தான் குழப்பியது.
எலுமிச்சையில் தொடங்கி எங்கெங்கோ போய்
கடுகுச் சாந்தில் வந்து உட்கார்ந்தது.
ஏமாற்றம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சிக்னலில் ட்ராம் நின்றபோது
மீன் கடைக்காரர் ஒரு தலையை எறிந்தார்.
நாரை கழுத்தை நீட்டி
அலகைத் திறந்தது.
அர்லிண்டா கையைத் திருப்பிப் பார்த்தாள்.
மறுபடி அலகை.
மறுபடி கையை.
பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.

ஊதாப் படிதாளை வனூசா குப்பையில் போட்டாள்;
இந்தக் கையில் அது தெரியாது,
தெரியாதது தாளின் குறை.
சிவப்புப் பேனாவால் நேரே வரைந்தாள்:
தடித்த கோடுகள், நடுவில் தாராளமாய் இடம்,
காலுக்கடியில் கொஞ்சம் தண்ணீர்.
"கழுத்தில் வெளிச்சம் விழணுமே. வெள்ளை வைக்கவா?"
"வேண்டாம். அங்கே எதுவும் குத்தாதே.
அங்கே நான் இருக்கேன்."

ஊசி இறங்கியது, லேசாக, ஒரே தடவை.
கீழே தெருவில் மணிச் சத்தம்.
எட்டாம் எண், ரெண்டு நிமிஷம் லேட் என்றாள்,
கையை அசைக்காமல்.