இருநூறு சொல்லுக்குள்

பிளிமத். மாலை ஐந்தேகால்.
அவசரப் பிரிவு வாசலில்
எங்களுடையது பதினோராவது வண்டி.
எஞ்சினை நிறுத்தினால் சூடும் நின்றுவிடும்,
கெரெய்ன்ட் நிறுத்தவில்லை.
கண்ணாடியில் மழை
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் இறங்குகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்
இதே வரிசையில், இதே இருக்கையில்
தேர்தல் அறிக்கை எழுதினேன்.
சங்கத்தின் பொதுச் செயலாளராக நிற்பவர்
இருநூறு சொல்லுக்குமேல் போகக் கூடாது.
முதலில் வந்தது நானூற்றுப் பத்து.

ஏழு மணிநேரம் வண்டிக்குள்ளேயே கிடந்து
கதவு திறந்தபோது கை குளிர்ந்திருந்தவரை
எழுதினேன், அடித்தேன்.
பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
பெயரில்லாமல் சொன்னால் அவர் ஓர் உதாரணம்;
அதற்கு மனம் ஒப்பவில்லை.
உணவு வங்கி வரிசையில் எங்கள் ஆள் ஒருத்தி
சீருடை தெரியாமல் கழுத்துவரை கோட்டைப் பூட்டி நின்றதை
எழுதினேன், அதையும் அடித்தேன்:
என்னைக் கண்டதும் அவள் திரும்பிக்கொண்டாள்.
இரவுகளை அடித்தேன். முதுகுவலியை அடித்தேன்.
கடைசியில் மிஞ்சியது
‘நியாயமான சம்பளம், பாதுகாப்பான பணிச்சூழல்.’
மற்ற மூன்று வேட்பாளர்களும்
அதையேதான் மிச்சம் வைத்திருந்தார்கள்.

பின்னால் ஸ்ட்ரெச்சரில் ட்ரூடி.
பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.
வலப்பக்க அடிவயிற்றில் வலி.
பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.
ஏழு என்றாள். கொஞ்சம் யோசித்து, ஆறு,
மற்றவர்களுக்கும் மீதம் வேண்டும் என்பதுபோல்.
கைப்பையில் தொங்கியது எங்கள் சங்கத்துச் சாவிவளையம்.

முன்னாலிருந்து கெரெய்ன்ட் குரல் கொடுத்தான்:
“ட்ரூடி, ஓட்டுப் போட்டாச்சா?”
வாயை மூடு என்று சைகை காட்டினேன்.
மருந்து ஏற்றும் கையால் ஓட்டுக் கேட்கக் கூடாது.
எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனாலும் கூடாது.

ட்ரூடி சிரித்தாள். சிரித்ததால் வலித்தது.
“தபாலில் வந்ததே, அதுவா?
பீட்சாக் கடை விளம்பரத்தோடு தொட்டிக்குள் போயிற்று.
பிரித்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.
நாலையும் ஒரே ஆள் எழுதினதுபோல் இருந்தது.
அதில் ஒரு பேரை எனக்கு வாசிக்கவே வரவில்லை.”

கையில் ஊசிக்குழாயின் பிளாஸ்டர் ஓரத்தை
மறுபடி அழுத்தினேன், அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.
என் மார்புப் பட்டையில் ‘துஷ்’ என்று மட்டும்.
பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு மேலாளர்
இடம் போதாதென்று வெட்டியது.
வாக்குச்சீட்டு வெட்டவில்லை:
துஷாந்தினி கனகலிங்கம்.
‘யார் இந்தப் பொம்பிளை?’ என்று
எங்கள் ஸ்டேஷனில் ஒருவன் என்னிடமே கேட்டான்,
நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு.

“அந்தப் பேர்தான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது,”
என்றான் கெரெய்ன்ட்.
அவனைக் கொல்லலாம்போல் இருந்தது.

ட்ரூடி என்னைப் பார்த்தாள்,
பிறகு வண்டியின் கூரையை, பிறகு கடிகாரத்தை.
“அப்ப இதை ஏன் எழுதவில்லை?” என்றாள்.
“எதை?”
“இதைத்தான்.”

மழை கொஞ்சம் பலத்தது.
மாற்று வாக்குச்சீட்டுக் கேட்க ஓர் இலவச எண் இருக்கிறது.
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
எண் எனக்கு மனப்பாடம்.
சொல்லவில்லை.
வேறு எண்ணைச் சொன்னேன், கெரெய்ன்ட் குறித்துக்கொள்ள:
நூற்றிரண்டுக்கு அறுபத்தொன்று,
நாடி நூற்றுப் பதினெட்டு.

இப்போது வலி எத்தனை என்று கேட்டேன்.
இந்தமுறை அவள் குறைக்கவில்லை.

உள்ளே பொறுப்புத் தாதியும் எங்கள் சங்கம்தான்.
அவளிடம் கட்டில் இல்லை என்பதும்
அவள் மதியம் சாப்பிடவில்லை என்பதும்
முகத்தைப் பாராமலே தெரியும்.
இறங்கி, பத்து வண்டிகளையும் தாண்டி நடந்து,
கதவைத் தட்டினேன்.